பள்ளத்தாக்கில் இறங்குவதற்கு முன்

அன்பு மகளுக்கு,

கலிஃபோர்னியாவின் 100 மைல் குதிரை ஓட்டமான டெவிஸ் கோப்பைக்குப் பெயர் கொடுத்துவிட்டதாக எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். உன் அரபுக் குதிரை 50 மைல் ஓட்டங்களை நல்லபடியாக முடித்திருக்கிறது, சரிதான். ஆனால் 100 மைல் என்பது இரண்டு 50 மைல் இல்லை, அம்மா. 1955-இல் வெண்டல் ரோபியும் சில நண்பர்களும் டாஹோ ஏரிப் பக்கமிருந்து ஆபர்ன் வரை ஒரே நாளில் ஓட்டிக் காட்டிய பாதை அது. இன்றைக்கும் புறப்படுகிற குதிரைகளில் ஏறக்குறைய பாதிதான் முடிக்கின்றன. நிறுத்தப்படுபவற்றில் பல நொண்டியதால் நிற்கும். மற்றவை பெரும்பாலும் வெயிலாலும் நீர் வற்றியதாலும் நிற்பவை. லாடத்தையும் சேணத்தையும் உன் பயிற்சியாளர் பார்த்துக்கொள்வார். நான் வெயில், தண்ணீர், உப்பு பற்றி மட்டும் எழுதுகிறேன்.

குதிரையின் தசை எரிக்கும் சக்தியில் கால் பங்குதான் ஓட்டமாகிறது. முக்கால் பங்கு சூடாகிறது. நமக்கு இருப்பதைவிட அதற்கு ஒரு கிலோ எடைக்கு உள்ள தோல் பரப்பு மிகக் குறைவு. அதனால் வியர்த்துத்தான் தீர வேண்டும். கடும் வெயிலில் ஒரு மணி நேரத்தில் 10 லிட்டருக்கு மேலேயே வியர்த்துவிடும்.

அமெரிக்கக் குதிரைக்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஃபாரன்ஹீட் வெப்பநிலையோடு ஈரப்பத சதவீதத்தைக் கூட்ட வேண்டும். 130-க்குக் கீழே இருந்தால் உடல் தானாகவே குளிர்ந்துகொள்ளும். 150-ஐத் தாண்டினால் சிரமம். 180-ஐத் தொட்டால் வியர்வை கிட்டத்தட்ட வீண். புளோரிடாவில் 90 டிகிரியும் 80 சதவீத ஈரமும் சேர்ந்தால் 170. நீ ஓட்டப் போகும் பாதையின் பள்ளத்தாக்கிலோ 104 டிகிரி அடித்தாலும் ஈரம் 20 சதவீதம்தான், ஆக 124. இதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதே. அங்கே வியர்வை நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் வந்த வேகத்தில் காய்ந்துவிடுகிறது. கழுத்து நனைந்ததாகவே தெரியாது, வெள்ளையாக உப்புப் பூத்திருப்பது மட்டும் தெரியும். எத்தனை லிட்டர் போயிற்று என்பது கண்ணுக்குப் படாமலே போய்விடும். அந்தப் பாதையில் எனக்குப் பெரிய பயம் இதுதான்.

இன்னொரு சங்கடமும் உண்டு. நம் வியர்வை இரத்தத்தைவிட நீர்த்தது. வியர்த்தால் இரத்தத்தில் உப்பு ஏறி, தாகம் எடுக்கும். குதிரையின் வியர்வையில் இரத்தத்தில் உள்ள அளவோ அதைவிட அதிகமாகவோ உப்பு இருக்கிறது. தண்ணீரும் உப்பும் சேர்ந்தே போவதால் இரத்தத்தின் உப்புச் செறிவு ஏறுவதில்லை, மூளைக்குத் தாகச் செய்தியும் போவதில்லை. அதனால்தான் 20 லிட்டர் குறைந்த குதிரைகூட நிறைந்த வாளியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. தாகமில்லை என்று அதற்குப் பொருள் கொள்ளாதே.

சரி, என்ன செய்ய வேண்டும்? நீ இருப்பது கடலோரப் பனிமூட்டத்தில். அங்கே பழகிய குதிரைக்கு வெயில் புதிது. வெயிலுக்கு உடல் பழக இரண்டு மூன்று வாரம் வேண்டும். ஓட்டத்துக்கு முந்தைய வாரங்களில் உள்நாட்டுப் பக்கம் கொண்டுபோய் மதிய வெயிலிலும் கொஞ்சம் வேலை கொடு, மெதுவாகக் கூட்டு. பிடரி மயிரைப் பின்னிவிட்டால் கழுத்துக்குக் காற்றுப் படும். டிரெய்லரில் போகும்போதே நீர் வற்றும் என்பதால் ஓட்டம் புறப்படும் ரோபி பூங்காவுக்கு இரண்டு நாள் முன்னதாகவே போய்ச் சேர்.

ஓட்டத்துக்கு முந்தின நாளிலிருந்து பச்சைப் புல்லும் உலர்புல்லும் தாராளமாகத் தின்னட்டும். பெருங்குடலில் நார் நிறைந்திருந்தால் அது நீரையும் உப்பையும் பிடித்து வைத்திருந்து வழியில் கொடுக்கும். ஓட்ஸ் மாதிரி தானியத்தைப் புறப்படுவதற்கு நாலு மணி நேரம் முன்பே நிறுத்திவிடு. குதிரைமசால் (அல்ஃபால்ஃபா) தீவனத்தைத் தினமும் அள்ளிப் போட வேண்டாம். அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம். தினமும் அது தேவைக்கு மேல் கிடைத்தால், அவசரத்துக்கு எலும்பிலிருந்து எடுக்கும் வழியை உடல் மந்தமாக்கிக்கொள்ளும். ஓட்டத்தன்று கொடு, அன்றைக்கு அதுவே நல்லது.

விடியற்காலை 5.15-க்குப் புறப்பாடு, மறுநாள் 5.15-க்குள் ஆபர்ன். கட்டாய ஓய்வு நேரங்களும் இந்த 24 மணிக்குள்தான். குளிர் இருக்கும், கூட்டம் இருக்கும், குதிரை துள்ளும். பலர் கெடுவது இங்கேதான். எமிகிரன்ட் கணவாய் 8,700 அடிக்கு மேல். அந்த ஏற்றத்தில் கூட்டத்தோடு ஓடி வீணாக்கிய சக்தி, மதியம் மூன்று மணிக்குப் பள்ளத்தாக்கில் கேட்டால் கிடைக்காது. பல்ஸ் மானிட்டர் கட்டியிருக்கிறாய் அல்லவா, நிமிடத்துக்கு 160-க்கு மேல் நீண்ட நேரம் நிற்கவிடாதே. முன்னால் போகிறவர்கள் போகட்டும்.

36-ஆவது மைலில் ராபின்சன் ஃபிளாட், 68-ஆவது மைலில் ஃபாரஸ்ட்ஹில். இரண்டிலும் ஒரு மணி நேரம் கட்டாய ஓய்வு. இடையில் உள்ள 32 மைலுக்காகத்தான் இந்தக் கடிதமே. லாஸ்ட் சான்ஸ் என்ற இடத்திலிருந்து ஆற்றுக்கு இறக்கம், தொங்குபாலம், அங்கிருந்து டெவில்ஸ் தம்ப் வரை செங்குத்தான வளைவு வளைவான ஏற்றம். மறுபடி எல்டொராடோ பள்ளத்தாக்கில் இறங்கி மிச்சிகன் பிளஃபுக்கு ஏற வேண்டும். அடியில் காற்றே அசையாது.

இறக்கத்தில் நீ இறங்கி நட, முடிந்தால் ஓடு. முன்னங்கால்கள் அடிபடாமல் தப்பும், முதுகும் ஆறும். ஏற்றத்தில் நீளமான கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு குதிரையை முன்னால் விட்டு, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஏறு. இதை வீட்டிலேயே பழக்கியிருக்க வேண்டும். உதைக்கிற குதிரையிடம் அன்றைக்குப் போய்ப் பரீட்சை பார்க்க முடியாது.

சேணத்தில் ஒரு ஸ்பாஞ்சை ஆறடிக் கயிற்றில் கட்டித் தொங்கவிடு. ஓடை தெரிந்தால் மேலே இருந்தபடியே வீசி நனைத்துக் கழுத்தில் பிழியலாம். கழுத்தின் இருபக்கமும் பெரிய நாளங்கள் ஓடுகின்றன, தொடை உள்பக்கமும் அப்படியே. முதலில் குடிக்கட்டும், பிறகு நனை. குதிரை குடிக்கும்போது பக்கத்தில் யாராவது ஸ்பாஞ்சை அதே தொட்டியில் முக்கினால் தயங்காமல் தடுத்துவிடு. உப்பு வியர்வை கலந்த தண்ணீரைப் பின்னால் வரும் குதிரைகள் தொடாது. சூடான குதிரைக்குக் குளிர்ந்த தண்ணீர் கொடுத்தால் வயிற்றைப் பிடிக்கும் என்று ஊரில் சொல்வதை நம்பாதே. ஓடிக்கொண்டிருக்கும் குதிரை வேண்டிய மட்டும் குடிக்கட்டும்.

நனைப்பதிலும் ஒரு விஷயம். தண்ணீர் தாராளமாக இருந்தால் நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே இரு. ஒரு வாளிதான் இருக்கிறது என்றால் ஊற்றி, சூடேறிய தண்ணீரை வழித்துவிட்டு, மறுபடி ஊற்று. குளிர்ந்த தண்ணீர் பட்டால் தசை பிடித்துக்கொள்ளும் என்ற பயம் பழையது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை ஒட்டி நடந்த ஆய்வுகள் அதைத் தள்ளிவிட்டன. ஆனால் இரவு குளிர ஆரம்பித்ததும் புட்டத்துத் தசையில் ஊற்றாதே. அப்போது அங்கே போர்வை வேண்டும்.

உப்புக் கலவை: சாதாரண உப்பு இரண்டு பங்கு, பொட்டாசியம் குளோரைடு ஒரு பங்கு. ஆப்பிள் கூழில் கலந்து 60 மில்லி சிரிஞ்சில் எடுத்து, நாக்கின் பின்பக்கம் விடு. ஒரு வேளைக்கு 50 கிராம் அளவு, 12-லிருந்து 15 மைலுக்கு ஒரு தரம். இதையும் பயிற்சி ஓட்டத்திலேயே கொடுத்துப் பார்த்துவிடு. குடிக்காத குதிரைக்கு உப்பைக் கொடுக்கவே கூடாது, அம்மாடி. இருக்கிற தண்ணீரையும் உடம்பிலிருந்து இழுத்துக் குடலுக்குள் கொண்டுபோய்விடும். கெட்டியான உப்பு இரைப்பையைப் புண்ணாக்கவும் செய்யும், அதனால் வெறும் வயிற்றில் வேண்டாம். ஆப்பசோடா கலந்த பொடி எதையும் வாங்காதே. வியர்வையில் குளோரைடு போனதால் இரத்தம் ஏற்கெனவே காரப் பக்கம் சாய்ந்திருக்கும், சோடா அதை மேலும் தள்ளும்.

ஓய்விடத்துக்கு அரை மைல் முன்பே இறங்கி நடந்து வா. உள்ளே வந்ததும் மாப்பிள்ளை வயிற்றுவாரைத் தளர்த்தட்டும், நீ கடிவாளத்தைக் கழற்றித் தண்ணீர் காட்டு, அப்புறம் கழுத்துக்குத் தண்ணீர். பல்ஸ் 60-க்கோ 64-க்கோ இறங்க வேண்டும். அன்றைய அளவை முன்கூட்டியே கூட்டத்தில் சொல்வார்கள், குறித்துக்கொள். பல்ஸ் இறங்கினால் போதும் என்று நினைக்காதே. எத்தனை நிமிடத்தில் இறங்கியது என்பதுதான் சேதி. காலையில் ஐந்து நிமிடத்தில் இறங்கிய குதிரைக்கு மதியம் இருபது நிமிடம் ஆனால், கால்நடை டாக்டர் பாஸ் போட்டாலும் நீ வேகத்தைக் குறைத்துத்தான் போக வேண்டும்.

டாக்டர் பல்ஸ் எடுத்துவிட்டுச் சுமார் 38 மீட்டர் டிராட்டில் (மெல்லோட்டத்தில்) ஓட்டிப் போய்த் திரும்பி வரச் சொல்வார். ஓட ஆரம்பித்த நிமிடம் முடியும்போது மறுபடி பல்ஸ் எடுப்பார். முந்தையதைவிட நாலு துடிப்புக்கு மேல் கூடியிருந்தால் ஏதோ வலி அல்லது களைப்பு உள்ளே இருக்கிறது. ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். தோள்பட்டைத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே படிய வேண்டும். நாலு பக்கமும் வயிற்றில் காது வைத்துக் குடல் சத்தம் கேட்பார். இதையெல்லாம் அவருக்கு முன்னால் நீயே பார்த்துவிடு. குடல் சத்தம் குறைந்திருந்தால் ஒரு மணி நேரத்தையும் தீனிக்கே விடு: நனைத்த சர்க்கரைக்கிழங்கு (பீட்) சக்கை, ஈரமாக்கிய உலர்புல், கிடைத்தால் பச்சைப் புல்.

மூன்று அடையாளங்களைக் கண்டால் அங்கேயே நிறுத்திவிடு. முதலாவது, விலாப் பக்கம் இதயத்துடிப்போடு சேர்ந்து வெட்டி வெட்டி இழுக்கும். ஒரு கையை அங்கே வைத்து, மறு கையால் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துப் பார், இரண்டும் ஒரே தாளத்தில் இருக்கும். சுண்ணாம்புச் சத்தும் குளோரைடும் குறைந்து உதரவிதான நரம்பு துடிப்புக்குத் துடிப்பு எகிறுவதுதான் அது. இரண்டாவது, புட்டம் கல்லாக இறுகி, காலெடுக்க மறுத்து, சிறுநீர் காபி நிறத்தில் வருவது. அப்போது ஓரடிகூட நடத்தாதே, டாக்டர் அங்கே வரட்டும். மூன்றாவது, நனைத்து நிழலில் நிறுத்திய பின்னும் உடல் சூடு 40 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்காமல் மூச்சு வாங்கிக்கொண்டே இருப்பது.

நீயும் தண்ணீரோடு உப்பும் சேர்த்துக் குடி. வெறும் தண்ணீரே குடித்துக்கொண்டிருந்தால் உனக்குத் தலை சுற்றும், அந்த நேரத்தில் குதிரையைக் கவனிக்க ஆளிருக்காது.

ஆபர்ன் வந்து சேர்ந்தபின்னும் இன்னும் ஓடும் நிலையில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் முடித்ததாக ஒப்புக்கொள்வார்கள். அதன் பிறகு நீ தூங்கப் போகலாம் என்று நினைக்காதே. இரண்டு வாளி வை: ஒன்றில் லிட்டருக்கு 9 கிராம் உப்புக் கலந்த தண்ணீர், மற்றதில் நல்ல தண்ணீர். உப்புத் தண்ணீரை முதலில் காட்டு. அதைக் குடித்தால் தாகம் விடாது, மேலும் குடிக்கும். மணிக்கொரு தரம் கொஞ்சம் நடத்து. சாணி போட்டதா, சிறுநீர் என்ன நிறம், தீனி எடுக்கிறதா என்று மாப்பிள்ளையும் நீயும் முறை வைத்துப் பாருங்கள். அன்றைக்கே டிரெய்லரில் ஏற்றிக் கிளம்ப வேண்டாம், மறுநாள் வரை அங்கேயே இருங்கள்.

இந்த மாதப் பயிற்சி ஓட்டத்தின் சோதனை அட்டையையும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் பல்ஸ் இறங்க எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதையும் எழுதி அனுப்பு. உப்பு அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா