ஹெச்.பி.வி. தடுப்பூசி: பையிலும் தேதியிலும் கவனம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

14 வயதுப் பெண் குழந்தைகளுக்கு ஹெச்.பி.வி. என்ற வைரஸுக்கு எதிரான தடுப்பூசி போட 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் 36 கோடி ரூபாய் ஒதுக்கிய பிறகு, அந்த வைரஸால் வரும் கருப்பை வாய்ப் புற்றுநோயைப் பற்றி நம் வீடுகளிலும் பேச்சு எழுந்திருக்கிறது. சொந்தச் செலவில் போட்டுக்கொள்ளும் செட்டிநாட்டுப் பெற்றோர்களுக்குச் சில விவரங்கள்.

முதலில், மருந்தைக் கொண்டுபோகும் முறை. காரைக்குடி மெடிக்கலில் வாங்கி, கானாடுகாத்தானுக்கோ தேவகோட்டைக்கோ பஸ்ஸில் எடுத்துப் போகிறவர்கள் வெயிலுக்கு மட்டும் பயப்படுகிறார்கள். இந்த மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். வெயிலைப் போலவே உறைபனியும் அதைக் கெடுக்கும். இதில் அலுமினிய உப்பு கலந்திருக்கிறது. உறைந்தால் அது கட்டிதட்டிவிடும், மறுபடி உருகினாலும் பழைய வீரியம் வராது. ஆகவே ஐஸ் கட்டிமேல் நேரடியாக வைக்காதீர்கள். ஐஸ் பேக்கை வெளியே எடுத்து வைத்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்டபின், துணியில் சுற்றித் தெர்மாகோல் பெட்டியில் வையுங்கள். ஊசி மருந்து அதன் அட்டைப்பெட்டியிலேயே இருக்கட்டும், வெளிச்சமும் ஆகாது. வீட்டு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசரும் கதவும் கூடாது. பின்சுவரில் ஒட்டாமல் நடுத்தட்டில் வையுங்கள். உறைந்துபோனதை விலை பார்க்காமல் தள்ளிவிட வேண்டும். இத்தனை சிரமம் எதற்கு? மருந்தை முறையாகக் குளிரில் வைத்திருக்கும் மருத்துவமனையிலேயே போட்டுக்கொள்வதுதான் எங்கள் யோசனை.

அடுத்தது தேதி. 9 முதல் 14 வயதுக்குள் தொடங்கினால் இரண்டு டோஸ், ஆறு மாத இடைவெளி. ஆடிப்பெருக்கை ஒட்டி ஒன்று, தைப்பூசத்தை ஒட்டி இன்னொன்று என்று வைத்துக்கொள்ளலாம். திருக்கார்த்திகைக்கு ஊருக்கு வரும்போதே முடித்துவிடுவோம் என்றால் நான்கு மாதம்தான் ஆகியிருக்கும். ஐந்து மாதத்துக்குள் போட்டால் மூன்றாவது டோஸும் தேவைப்படும். தாமதமானால் கவலை வேண்டாம். முதலிலிருந்து தொடங்காமல் விட்ட டோஸை மட்டும் போட்டால் போதும். 15 வயதுக்கு மேல் தொடங்கினால் 0, 2, 6 மாதங்களில் மூன்று டோஸ். ஒரே டோஸ் போதும் என்ற பேச்சும் உண்டு. எதிர்ப்புச் சக்தி குறைவில்லாத 9 முதல் 20 வயதினருக்கு அதையும் கையாளலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பரில் சொன்னது. உங்கள் மகளுக்கு எது என்பதை மருத்துவரிடம் கேளுங்கள்.

"வயசுக்கு வரட்டும், கல்யாணப் பேச்சு எடுக்கும்போது பார்ப்போம்" என்று சொல்லும் ஆச்சிமார்களுக்கு ஒரு வார்த்தை. இது வரும்முன் காப்பதற்கு மட்டுமே. உடலில் ஏற்கெனவே புகுந்த வைரஸை விரட்டாது. சிறு வயதில் எதிர்ப்புச் சக்தியும் அதிகமாக உருவாகும். நம் உறவினர்கள் நிறைந்திருக்கும் மலேசியாவில் 2010-லிருந்தே 13 வயது மாணவிகளுக்குப் பள்ளியிலேயே போடுகிறார்கள். அங்கே முதல் டோஸ் போட்டு வந்த பிள்ளை என்றால் மருந்தின் பெயர் எழுதிய அட்டையைக் கொண்டுவாருங்கள். கூடியமட்டும் அதே மருந்து நல்லது.

அளவு 0.5 மி.லி., மேற்கைத் தசையில். மாதவிலக்கு நாளாக இருந்தாலும் தடையில்லை. கடும் காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடுங்கள். கர்ப்பிணிகளுக்கு வேண்டாம். விரத நாளில் வெறும் வயிற்றோடு அழைத்து வராதீர்கள். ஊசி என்ற பயத்திலேயே சில பிள்ளைகள் மயங்கி விழுவார்கள், தலையில் அடிபடும். போட்டபின் 15 நிமிடம் உட்கார வைத்தே அனுப்ப வேண்டும்.

கருப்பை வாய்ப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்குக் காரணம், ஹெச்.பி.வி.யில் 16, 18 என்று எண்ணிட்ட இரண்டு வகைகள். தடுப்பூசிகள் எல்லாமே இவ்விரண்டையும் தடுக்கின்றன. மற்ற வகைகள் எல்லாவற்றையும் அல்ல. எனவே ஊசி போட்ட பெண்ணுக்கும் பின்னாளில் பரிசோதனை உண்டு. மகளை அழைத்து வரும் தாய்க்கு 30 வயது கடந்திருந்தால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் பரிசோதனையைத் தானும் செய்துகொள்ளட்டும். சில நிமிட வேலைதான்.

இப்படிக்கு,
தடுப்பூசிப் பணியில் உள்ள செவிலியர்கள்,
காரைக்குடி