கலர் சரி பண்றேன்னு என் தலையில பாசி புடிக்க வச்சதுக்கு

காரைக்குடி
ஜூலை 22

கஸ்டமர் கேர் மேனேஜர் அவர்களுக்கு,

வணக்கம். இது நான் அனுப்புற நாலாவது மெயில். முதல் மூணுக்கும் உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்னு ஒரே பதில்தான் எழுத்து மாறாம வந்துச்சு, யாரும் படிச்ச மாதிரியே தெரியல, அதனால இந்தத் தடவ கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், தயவுசெஞ்சு இத ஒரு மனுஷர் உக்காந்து படிங்க.

மே 4ஆம் தேதி உங்க சலூனோட காரைக்குடி பிராஞ்ச்ல, கெட்டுப்போன முடிக்கலர சரி பண்ற அந்த 6,500 ரூபா கலர் கரெக்ஷன் பேக்கேஜ் எடுத்தவ நான். பில்லும் மூணு போட்டோவும் இணைச்சிருக்கேன். பேக்கேஜ்ல என்னென்ன உண்டுன்னு உங்களுக்கே தெரியும். அந்த ரெண்டாவது சிட்டிங்கும் வரல, வீட்டுக்குக் குடுப்பீங்களே, முடியில மஞ்சளக் குறைக்கிற அந்த ஊதா ஷாம்பு, அதுவும் வரல, அத மட்டும் குறிச்சுக்கங்க.

ஒத்துக்கிறேன், உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடியே என் தல கெட்டுத்தான் கெடந்துச்சு. நரை சீக்கிரம் வந்ததால ஏழெட்டு வருஷமா வீட்லயே கருப்பு டை, நடுவுல கொஞ்ச நாள் பாக்கெட்ல விக்கிற கருப்பு மருதாணி, போன தீபாவளிக்கு திடீர்னு பிரவுன் ஆசை வந்து அந்தக் கருப்பு மேலயே பிரவுன் டைய எடுத்து அப்புனேன். டை மேல டை போட்டா வெளுக்காதுன்னு அப்ப எனக்கு எங்க தெரியும். புதுசா வளந்த வேர் மட்டும் செம்பட்டையா ஏறிருச்சு, கீழ கருப்பு கருப்பாவே நின்னுச்சு, அத சரி பண்ணப் போயி எங்க தெரு பார்லர்ல ரெண்டு தடவ பிளீச். கடைசில மேல ஆரஞ்சு, நடுவுல வெளிறுன மஞ்சள், நுனியில கருப்பு. ஆத்தங்குடி டைல்ஸ் மாதிரி மூணு கலர், என்ன, அதுல இருக்க அழகு இதுல இல்ல.

இதுல எதையும் நான் மறைக்கல. நாற்காலில உக்காந்ததும் உங்க ஸ்டைலிஸ்ட் தம்பிகிட்ட மருதாணி உட்பட ஒண்ணு விடாம சொன்னேன், ஒரு துண்டு பேப்பர்ல கூட எழுதிக்கல, பாத்துக்கலாம்க்கான்னுச்சு. கெட்ட முடிய சரி பண்றதுக்குத்தானே அந்த பேக்கேஜே இருக்கு, அப்புறம் முடி முன்னாடியே கெட்டிருந்துச்சுன்னு அதையே சாக்கா சொன்னா என்ன நியாயம்? கால் ஒடஞ்சு வந்தவன்கிட்ட உன் கால்தான் ஏற்கனவே ஒடஞ்சிருந்துச்சேன்னு எந்த டாக்டராச்சும் சொல்வாரா?

உங்க கஸ்டமர் கேர்ல ஒரு அம்மணி சொன்னாங்க. ஜூன்ல நான் அஞ்சாவது தடவ கூப்பிட்டப்ப எடுத்தவங்க. நான் அழாத குறையா சொல்லிட்டு இருக்கேன், அவங்க குறுக்க பூந்து, மேடம் டேமேஜ் ஹேர்னு ஃபார்ம்ல நீங்கதானே சைன் பண்ணீங்க, காரைக்குடித் தண்ணி வேற உப்பு, நாங்க என்ன பண்ண முடியும், வேணும்னா பாய் கட் பண்ணிக்கங்க, வெயிலுக்கு நல்லா இருக்கும்ங்கிறாங்க. பாய் கட்! இடுப்பு வரைக்கும் இருந்த முடிங்க அது. மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளந்தா ரெண்டடி திரும்பி வர அஞ்சு வருஷம் ஆகும், கணக்கு போட்டுப் பாருங்க. அந்தக் கால் ரெக்கார்ட் ஆகுதுன்னு நீங்களே ஆரம்பத்துல சொல்றீங்கல்ல, எடுத்துக் கேளுங்க. அந்தம்மாவ வேலைய விட்டுத் தூக்குங்கன்னு நான் சொல்லல, எங்கிட்ட ஒரு சாரி சொன்னா போதும், ஆனா சொல்லணும்.

எங்க விட்டேன். ஆங், மே 4. அந்தத் தம்பி கலர் கலக்குனத நான் கண்ணால பாத்தேன். டியூப்ல 7.1ன்னு போட்டிருந்துச்சு, கூட 30 வால்யூம் டெவலப்பர், அதான் கலர ஏத்துற பெராக்சைடு, அதுலயும் கடுமையானது, ஒரே கிண்ணம், வேர்ல இருந்து நுனி வரைக்கும் அதே கலவை. ஒரு சின்னக் கத்தைல போட்டுப் பாக்க வேண்டாமா தம்பின்னு நானே கேட்டேன், எங்க புராடக்ட்ல அதெல்லாம் தேவையில்லக்கான்னுச்சு. எங்க ஊர்ப்பக்கம் நூலுக்குச் சாயம் முக்குற அண்ணன் பத்தாவது வரைக்கும் கூடப் படிக்கல, அவரே ஒரு சிட்டத்த முக்கி, காய வச்சு, வெளிச்சத்துல பாத்துட்டுத்தான் மத்த நூல்ல கை வைப்பாரு. 7.1ன்னா சாம்பல் ஷேடுன்னு உங்களுக்குத் தெரியாதா, அதுல நீலப் பக்கம் ஓடுதுன்னு தெரியாதா? நடுவுல இருந்ததோ மஞ்சள். மஞ்சளோட நீலம் சேந்தா என்ன வரும்னு எல்கேஜி பிள்ளையக் கேளுங்க.

பச்சை வந்துச்சு. கலர் பிடிச்ச மறுநாள் பத்து மணி வெயில்ல முற்றத்துல நின்னு தலையத் துவட்டுறேன், அப்பத்தா தூணுல சாஞ்சு உக்காந்திருந்தாக, கண்ணச் சுருக்கிப் பாத்துட்டு, என்னடி ஆத்தா, தலையில ஊருணிப் பாசி புடிச்சிருக்குன்னு கேட்டாக. அவுகளுக்கு கேட்டராக்ட், எதிர்ல வர்ற ஆளே சரியாத் தெரியாது. அவுகளுக்கே தெரிஞ்சிருச்சு.

பத்து நாள் கழிச்சு திரும்ப உங்க பிராஞ்சுக்குப் போனா, அந்தத் தம்பி லீவு, வேற ஒரு பொண்ணு, இன்னொரு பிளீச் வச்சு எல்லாத்தையும் கழட்டிரலாம்னு அதே நாள்ல ஆரம்பிச்சிருச்சு. பின்னாடி நடுமண்டை சுட ஆரம்பிச்சதும் நான்தான் கத்தி கழுவச் சொன்னேன். ஈர முடிய விரல்ல சுத்தி இழுத்தா ரப்பர் மாதிரி நீளுது, விட்டா சுருங்கல, இன்னும் கொஞ்சம் இழுத்தா சத்தமே இல்லாம அறுந்து கைல வருது. பேசின்ல கெடந்தத கூட்டி எடுத்து ஒரு கவர்ல போட்டு வச்சிருக்கேன், சாட்சிக்கு. இதுல அந்தப் பச்சைகூட உருப்படியா நிக்கல, ஓட்ட விழுந்த முடி சடார்னு கலரக் குடிச்சுட்டு நாலு குளியல்ல அப்படியே விட்ருச்சு, இப்ப வாந்தியெடுத்த மாதிரி ஒரு மஞ்சள்.

நான் கண்டாங்கிச் சேலை ஆன்லைன்ல விக்கிறவ. லைவ்ல நானே கட்டிக் காட்டுவேன், அதான் என் பொழப்பு. அரக்குக் கலர் சேலைய விரிச்சுக் காட்டிட்டு இருக்கேன், கமெண்ட்ல ஒருத்தி, சேலை ஓகே, முடிக்கு என்னாச்சு அக்காங்கிறா, கீழ முப்பது பேர் சிரிக்கிறாங்க. அன்னைக்கு ரெண்டே சேலைதான் போச்சு. ரெண்டு மாசமா ஏவாரமே படுத்துருச்சு, எப்படியும் ரெண்டு லட்சம் நட்டம், கம்மியா சொல்றேன். பெரியப்பாவோட சாந்தி விசேஷத்துக்கு கானாடுகாத்தான்ல சொந்தமெல்லாம் கூடியிருக்கு, நான் தலையில முக்காடு போட்டுட்டு பந்தி முடியிற வரைக்கும் ரெண்டாங்கட்டுலயே இருந்தேன். ஆச்சிமார் ஒவ்வொருத்தரா வந்து, வெந்தயம் அரச்சுத் தேயின்னு சொல்லிட்டுப் போறாக. அந்த அவமானத்துக்கு எந்த பில்லக் காட்டுறது?

இப்ப மதுரை. இத நெனச்சாலே எனக்கு ரத்தம் கொதிக்குது. உங்க ஆளுங்கதான் கூப்பிட்டு, மெயின் பிராஞ்ச்ல சீனியர் எக்ஸ்பர்ட் இருக்காரு, ஜூன் 19 காலைல 11 மணிக்கு ஃப்ரீயா பாப்பாருன்னு சொன்னீங்க. வீட்ல சமைச்சு வச்சுட்டு, விடியக்காலம் பஸ் ஏறி, திருப்பத்தூர், மேலூர் வழியா மாட்டுத்தாவணி எறங்கி, ஆட்டோவுக்கு 180 குடுத்து 10:40க்கே வந்து நின்னேன். ரிசப்ஷன்ல, சிஸ்டத்துல உங்க பேரே இல்ல மேடம்னாங்க. மெசேஜக் காட்டுனேன். ரெண்டரை மணி நேரம் அந்த வெள்ளை சோபாவுல ஏசி குளிர்ல உக்கார வச்சு ஒரு கிரீன் டீ. ஒண்ணேகாலுக்கு வந்து, எக்ஸ்பர்ட் கோயம்புத்தூர் போயிட்டாரு, திங்கக்கிழமை வர்றீங்களாங்கிறாங்க. போகும்போது கைல ஹேர் ஸ்பா கூப்பன், அதுவும் 2,000 ரூபாய்க்கு மேல பில் போட்டாத்தான் செல்லுமாம். தலையில முடி இருந்தாத்தானேங்க ஸ்பா.

அப்புறம் தேவகோட்டைல எங்க சித்தி மக பியூட்டீஷியன் கோர்ஸ் முடிச்சவ, அவ பாத்துட்டு அஞ்சு நிமிஷத்துல சொல்லிட்டா. மஞ்சளா இருக்க எடத்துல சாம்பல் போகக்கூடாதாம், முதல்ல செம்பு, தங்க நிறம் நிரப்பிட்டுத்தான் மேல பிரவுன் போகணுமாம். தலைச்சூட்டுக்கு வேர்ல கலர் வேகமா ஏறுமாம், அதனால வேருக்கு ஒரு கலவை, நடுவுக்கு ஒண்ணு, நுனிக்கு ஒண்ணு. இவ்வளவு அடிவாங்குன முடிக்கு 30 வால்யூமே ஆகாதாம், அமோனியா இல்லாத கலர் லேசான டெவலப்பர்ல வச்சு, வாரக்கணக்குல இடைவெளி விட்டு, புரோட்டீன் குடுத்து மெதுவாத் தேத்தணுமாம். ஒரு வீட்டு ரூம்ல பார்லர் வச்சிருக்க பொண்ணுக்குத் தெரிஞ்சது இவ்வளவு பெரிய கம்பெனிக்குத் தெரியலன்னா நான் நம்பத் தயாரா இல்ல. தெரிஞ்சும் நேரம் மிச்சம்னு பண்ணிருக்கீங்க.

நான் சண்டைக்கு நிக்கிறவ இல்ல. எனக்கு வேண்டியது 6,500 ரூபா, மதுரைக்குப் போய்வந்த செலவு 620, அறுந்து போக மிச்சம் இருக்க முடிய நல்ல எடத்துல சரி பண்ண ஆகுற செலவு, அந்தம்மாவோட சாரி. ஏவார நட்டத்தப் பத்தி நீங்களே மனசாட்சியோட பேசுங்க. ஆகஸ்ட் 5க்குள்ள பதில் வரலன்னா நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போடுவேன், அதுக்கப்புறம் சிவகங்கை நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் இருக்க ஊர் கணக்குலயே கேஸ் போடலாம், அஞ்சு லட்சம் வரைக்கும் ஃபீஸும் கிடையாது, வக்கீல் அண்ணன்கிட்ட கேட்டுட்டேன். உங்க ஆளுதான் சென்னைல இருந்து பஸ் ஏறி வந்து வெயிட் பண்ணணும், கிரீன் டீ இருக்காது.

அப்படி ஆக வேண்டாம்னுதான் எனக்கும் ஆசை. தயவுசெஞ்சு கவனிங்க.

இத டைப் பண்ணும்போதே உங்க மெசேஜ் ஒண்ணு வந்துச்சு, ஆடி ஆஃபர், கலர் கரெக்ஷனுக்கு 30 சதவீதம் தள்ளுபடின்னு. முதல்ல என் நம்பர அந்த லிஸ்ட்ல இருந்து எடுங்க. கூப்பிடுறதா இருந்தா சாயங்காலம் 4 மணிக்கு முன்னாடி கூப்பிடுங்க, அதுக்கு மேல லைவ்ல இருப்பேன், முக்காடோட.

இப்படிக்கு,
அந்த மே 4 கஸ்டமர்