அந்த நோட்டில் கையெழுத்துப் போட்டது நான்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செவிலியர் பற்றாக்குறை குறித்து உங்கள் நாளிதழில் வரும் செய்திகளை ஒன்று விடாமல் படிப்பவள் நான். எத்தனை இடம் காலி, எத்தனை பேர் ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள், பணி நியமனப் பட்டியல் எப்போது வரும் என்றெல்லாம் எழுதுகிறீர்கள். எழுத வேண்டியதுதான். ஆனால் படிப்பை முடித்து, சென்னையிலுள்ள நர்சிங் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்துகொண்டு, முதல் நாள் வார்டுக்குள் நுழைகிற பெண்ணுக்கு அன்றைக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று யாரும் கேட்பதில்லை. வேலூரிலும் சுற்று வட்டாரத்திலும் 27 ஆண்டுகள் நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் நடத்தியவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளும். இடம் போதாவிட்டால் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், இன்சுலின் விஷயத்தை மட்டும் விட்டுவையுங்கள்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இருக்கும். நடு இரவு தாண்டி என் கைப்பேசி அடித்தது. என்னிடம் படித்துப் பதிவு பெற்று, இந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் தனியார் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்து மூன்றே நாள் ஆன பெண். அழுகையில் பேச்சே வரவில்லை. "மேடம், நான் சரியாகத்தான் எடுத்தேன். 16ஆம் கோடு வரைக்கும்தான் எடுத்தேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அவள் சொன்னது உண்மை. டாக்டர் இரவுச் சாப்பாட்டுக்கு முன் 16 யூனிட் இன்சுலின் என்று எழுதியிருந்தார். அவள் 16ஆம் கோடு வரைக்கும்தான் எடுத்தாள். ஆனால் கையில் இருந்தது சிவப்பு மூடி போட்ட சிரிஞ்சு, ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்துக்கானது. மருந்துக் குப்பியோ ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ளது. அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சை எடுத்திருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 16 யூனிட் போக வேண்டிய இடத்தில் 40 யூனிட் போயிருக்கிறது. பீடி சுற்றிப் பிழைக்கிற ஓர் அம்மா. இரவு 11 மணிக்குக் கூட்ட வந்த ஆயாதான், "சிஸ்டர், இந்த அம்மாவின் புடவை எல்லாம் நனைந்து கிடக்கிறதே" என்று கூப்பிட்டிருக்கிறார். ரத்தச் சர்க்கரை 38க்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றிக் காப்பாற்றிவிட்டார்கள். 26 கட்டில் உள்ள அந்த வார்டில் அன்று இரவு இருந்த ஒரே நர்ஸ் இவள்.

மறுநாள் காலை அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டு வகைச் சிரிஞ்சும் இரண்டு வகைக் குப்பியும் ஒரே டிரேயில் ஏன் கிடந்தன என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

நான் சொல்ல வந்தது அந்த மருத்துவமனையைப் பற்றியும் அல்ல. போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. மாணவிகள் செய்து பழகியதைக் குறித்துவைக்கிற ரெக்கார்டு நோட்டில் அவளுடைய இன்சுலின் பக்கம் கண்முன் வந்து நின்றது. அந்தப் பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டது நான்தான். எப்படிப் போட்டேன் என்பதும் நினைவில் இருந்தது. செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் மாலை, மேசையில் 40 நோட்டுகளை அடுக்கிவைத்துக்கொண்டு, பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் போட்டேன். எங்கள் செய்முறை அறையில் இருந்தது தண்ணீர் நிரப்பிய ஒரே ஒரு பழைய குப்பி. 40 யூனிட் குப்பி. மூன்று ஆண்டுகளில் 100 யூனிட் குப்பியை அவள் கையால் தொட்டதே இல்லை. "குப்பியில் என்ன எழுதியிருக்கிறது, சிரிஞ்சில் என்ன எழுதியிருக்கிறது, இரண்டையும் படித்துச் சொல்லு" என்று நான் ஒருமுறைகூட அவளிடம் கேட்டதில்லை. கோடு வரைக்கும் எடுக்கச் சொல்லிக் கொடுத்தேன். எடுத்தாள்.

நர்சிங் படித்தவர்களுக்கு இந்த நோட்டு தெரியும். இத்தனை ஊசி, இத்தனை பிரசவம், இத்தனை கட்டு என்று எண்ணிக்கை இருக்கும். எண்ணிக்கை நிறைந்தால் தேர்வு எழுதலாம், தேர்ச்சி பெற்றால் பதிவு. சென்னை மாகாணத்தில் 1926இல் சட்டம் வந்த நாளிலிருந்து பதிவேடு இருக்கிறது. பதிவு என்பது பொதுமக்களுக்கு அரசு கொடுக்கிற வாக்கு: இந்தப் பெயர் உள்ளவளிடம் உங்கள் தாயைத் தனியாக விட்டுவிட்டுப் போகலாம் என்கிற வாக்கு. அந்த வாக்கு என்னைப் போன்றவர்களின் சிவப்பு மையை நம்பித்தான் இருக்கிறது என்பதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இறுதியாண்டில் மாணவிகள் என்ன செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். ஆள் குறைகிற இடத்தில் நிற்கிறார்கள். நல்ல ஆசிரியைகள், நல்ல வார்டு சிஸ்டர்கள் இருக்கிற இடங்கள் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் பல இடங்களில் மாணவி என்றால் சம்பளமில்லாத இரண்டு கை. காலையில் படுக்கை விரிப்பு மாற்று, எல்லோருக்கும் டெம்பரேச்சர் பார், பி.பி. பார், யூரின் பேக்கைக் காலி செய், எக்ஸ்ரேவுக்கு அழைத்துக்கொண்டு போ. ஆயிரம் தடவை பி.பி. பார்த்திருப்பாள். 90க்கு 60 என்று இறங்கி வந்தால் அடுத்து என்ன செய்வாய் என்று கேட்டால், "சார்ட்டில் எழுதுவேன் மேடம்" என்பாள். எழுதுவதுதானே அதுவரை அவள் வேலையாக இருந்தது?

வேலூருக்கென்று தனியாக ஒரு சங்கடமும் உண்டு. வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ரயிலேறி வருகிற நோயாளிகள் இங்கே எத்தனை பேர் என்று காட்பாடி சந்திப்பில் ஒரு மணி நேரம் நின்றால் தெரிந்துவிடும். ஒரு வங்காளத்துப் பெரியவர் "மாத்தா குர்ச்சே, மாத்தா குர்ச்சே" என்று சொல்ல, மாத்திரை கேட்கிறார் என்று நினைத்து, சாப்பாட்டுக்குப் பிறகு தருகிறேன் என்று சைகை காட்டிவிட்டு வந்தாள் ஒரு மாணவி. தலை சுற்றுகிறது என்று சொல்லியிருக்கிறார் அவர். வார்டில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர் கழிவறைக்கு எழுந்து போயிருந்தால் சிரித்திருக்க மாட்டோம்.

என்னிடம் ஏஎன்எம் என்கிற துணைச் செவிலியர் படிப்பு படித்த பெண் ஒருத்தி திருமணமாகி இங்கிலாந்துக்குப் போனாள். இங்கே படித்த அந்தப் படிப்பு அங்கே நர்ஸ் வேலைக்குச் செல்லாது. முதலில் உதவியாளராக இருந்து, இப்போது 'நர்சிங் அசோசியேட்' படிப்பில் இரண்டாம் ஆண்டு. உதவியாளருக்கும் பதிவுபெற்ற நர்சுக்கும் நடுவில் அங்கே உருவாக்கியிருக்கிற பணி அது. இரண்டு ஆண்டு, குறைந்தது 2,300 மணி நேரம். முழு நர்ஸ் ஆக 4,600 மணி நேரம். 2019 முதல் அசோசியேட்டுகளையும் அந்த நாட்டுக் கவுன்சில் பதிவேட்டில் சேர்க்கிறது. பதிவு இல்லாமல் அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்ளவே முடியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவாள். ஒருநாள் அவள் சொன்ன ஒரு செய்தி எனக்குள் தைத்தது. "மேடம், இங்கே எனக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கிறவர் ஒருவர், நான் தேறினேனா என்று கையெழுத்துப் போடுகிறவர் வேறொருவர். ஒரே ஆள் இரண்டையும் செய்யக் கூடாது." கையெழுத்துப் போடுகிறவர், சொல்லிக்கொடுத்தவரிடமும் கேட்டுத்தான் போட வேண்டுமாம். அது மட்டுமில்லை. மருத்துவமனையில் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே படித்தாலும், கற்றுக்கொள்வதற்கான நேரம் என்று ஒதுக்கியதை எடுத்து வேறு வேலைக்குக் கொடுக்கக் கூடாது என்று விதி. "ஆள் குறைந்த நாளில் இங்கேயும் இழுத்துவிடத்தான் பார்க்கிறார்கள். ஆனால் என் கல்லூரியில் சொன்னால் கேட்பார்கள்" என்றாள். அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. அவளுக்கும் கால் வீங்குகிறது, அவளும் குளிரில் பஸ்ஸுக்கு நிற்கிறாள்.

இன்னொன்றும் சொன்னாள். அசோசியேட்டின் கடமையாக அவர்கள் எழுதிவைத்திருப்பது கவனிப்பு அளிப்பதும், நோயாளி எப்படியிருக்கிறார் என்று தொடர்ந்து பார்ப்பதும். என்ன கவனிப்பு தேவை என்று கணித்துத் திட்டமிடுவதும், அது பலித்ததா என்று எடைபோடுவதும் நர்சின் பொறுப்பு. ஆக, எதுவரை நான் பார்க்கலாம், எந்த இடத்தில் நர்சைக் கூப்பிட வேண்டும் என்ற எல்லை அவளுக்குத் தெரிகிறது. இங்கே நாம் ஏஎன்எம் முடித்த பெண்ணை ஜவ்வாதுமலையில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் கொண்டுபோய் விடுகிறோம். எல்லையைத் தாண்டினால் கூப்பிடுவதற்குப் பக்கத்து அறையில் ஆள் இருக்காது. அப்படியென்றால் பதிவுக்கு முன்னால் அவளைத் தயார் செய்வதில் நாம் அவர்களைவிட இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டாமா?

அந்த இன்சுலின் இரவுக்குப் பிறகு என் வகுப்பில் இரண்டை மாற்றினேன். பெரிய சாதனை ஒன்றுமில்லை, ஓய்வு பெறும்வரை விடாமல் செய்தேன், அவ்வளவுதான்.

இறுதியாண்டு மாணவிக்கு எட்டுக் கட்டிலைக் கொடுத்துவிடுவேன். ஒரு வேலையை வார்டு முழுக்கச் செய்வதற்குப் பதிலாக, எட்டுப் பேருக்கு எல்லா வேலையும். ஷிப்ட் முடிந்து ஒப்படைக்கும்போது கையில் காகிதம் இருக்கக் கூடாது. முதல் வாரம் எல்லோரும் "நன்றாக இருக்கிறார், நன்றாக இருக்கிறார்" என்று ஒப்பிப்பார்கள். ஒடுகத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, வகுப்பில் வாயே திறக்காதவள், ஐந்தாம் நாள் ஏழாவது கட்டிலில் வந்து நின்றாள். "மேடம், இந்தப் பாட்டி தினமும் என் ஊரைக் கேட்பார். இன்று கேட்கவில்லை" என்றாள். பி.பி. சரி, டெம்பரேச்சர் சரி, சார்ட்டில் ஒரு குறையும் இல்லை. டாக்டரைக் கூப்பிட்டோம். பார்த்தால் ரத்தத்தில் சோடியம் உப்பு குறைந்து நினைவு தடுமாறியிருந்தது. அந்தப் பெண்ணின் நோட்டில் இதற்கு ஒரு பக்கம் கிடையாது. நான் கடைசி அட்டையின் உட்புறத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

இரண்டாவது, போன் செய்வது. இரவில் டூட்டி டாக்டரைக் கூப்பிடப் பயந்தே எத்தனையோ பெண்கள் விடியும்வரை காத்திருப்பார்கள். "இதற்கெல்லாமா எழுப்புவாய்?" என்று ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டவள் மறுமுறை கூப்பிட மாட்டாள். அதனால் வகுப்பில் நான்தான் தூங்குகிற டாக்டர். வேண்டுமென்றே எரிந்து விழுவேன். நான் யார், எந்த நோயாளி. இப்போது என்ன நடக்கிறது. இதுவரை என்ன நடந்தது. நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். இவ்வளவையும் அழாமல், மன்னிப்புக் கேட்காமல் சொல்லி முடிக்க வேண்டும். கடைசி வாக்கியத்தில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். "நீங்கள் வந்து பார்க்க வேண்டும்" என்று ஒரு டாக்டரிடம் சொல்ல 20 வயதுப் பெண்ணுக்கு நாக்கு எழாது. பத்துத் தடவை சொன்னால் எழும்.

சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பள்ளி தொடங்கிய ஊர் இது. 1946இலேயே நர்சிங் பட்டப்படிப்பு வந்த ஊர். 1947ஆம் ஆண்டின் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக 2023இல் புதிய நர்சிங் ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியிருக்கிறது. அதன்படி பாடத்திட்டம், தேர்வு என்று உட்கார்ந்து எழுதுகிறவர்களிடம் என் வேண்டுகோள் சிறியது. பதிவுக்கு முந்தைய கடைசி ஆறு மாதத்தில் மாணவியை ஆள்கணக்கில் சேர்க்காதீர்கள். அவளுக்கென்று பெயர் குறித்து ஒரு சிஸ்டரைக் கொடுங்கள். அந்த சிஸ்டருக்கு அதற்கான நேரத்தையும் கொடுங்கள். சொல்லிக்கொடுத்த கை வேறாகவும் கையெழுத்துப் போடுகிற கை வேறாகவும் இருக்கட்டும். ஒவ்வொரு செய்முறை அறையிலும் 100 யூனிட் குப்பி ஒன்று வாங்கி வையுங்கள். காலிக் குப்பி போதும்.

இன்சுலின் பெண்ணைப் பற்றிக் கேட்பீர்கள். ஓராண்டு வீட்டிலேயே இருந்தாள். பிறகு வேறு ஊரில் வேலைக்குச் சேர்ந்து, இப்போது ஒரு வார்டுக்கு இன்சார்ஜ். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் அவள் காட்டுவது சிரிஞ்சு மூடிகளைத்தானாம்.

நான் பகலில் வீட்டில்தான் இருக்கிறேன். எந்த நர்சிங் பள்ளியாவது இரவு ஷிப்டில் இறுதியாண்டு மாணவிகளோடு இருக்க ஓர் ஆள் வேண்டுமென்றால், உங்கள் அலுவலகத்தில் என் முகவரி இருக்கிறது, சொல்லி அனுப்பட்டும். சம்பளம் வேண்டாம். முழங்கால் வலி, அதனால் ஒரு நாற்காலி மட்டும் போட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நர்சிங் ஆசிரியை,
சத்துவாச்சாரி, வேலூர்.
(அந்தப் பெண்ணை முன்னிட்டு என் பெயரை வெளியிட வேண்டாம்.)