கொழும்பிலுள்ள சீனத் தூதரகத்துக்கு வடக்குக் கரையிலிருந்து ஒரு மடல்

மதிப்புக்குரியவர்களுக்கு,

வடக்குத் தமிழர் சீனாவைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கொழும்பிலும் டெல்லியிலும் இருந்துகொண்டு பலர் சொல்கிறார்கள். யாழ்ப்பாணக் கடலேரியை நம்பி வாழ்பவன் நான். நேரடியாகவே எழுதிவிடுகிறேன்.

2021 டிசெம்பரில் உங்கள் தூதுவர் சி சென்ஹொங் இங்கே வந்தார். வேட்டி கட்டிக்கொண்டு நல்லூருக்குப் போனார், மன்னாருக்கு அப்பாலுள்ள இராமர் பாலத்தையும் பார்த்தார். இந்தியாவுக்கு இது என்ன சேதி என்பதிலேயே பத்திரிகைகளின் கவனம் இருந்தது. எங்கள் கரைகளில் பேச்சு கடலட்டைப் பண்ணைகளைப் பற்றி.

கடலட்டை என்பது கடலடியில் ஊர்ந்து வாழும் உயிரினம். அதை நாங்கள் சாப்பிடுவதில்லை. அவித்து, காயவைத்து அனுப்புவோம். பெரும்பாலும் உங்கள் நாட்டுக்கும் ஹொங்கொங்குக்கும் போகும். அந்த வருமானம் வேண்டாமென்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் யாழ்ப்பாணத்து அரியாலையில் சீன முதலீட்டோடு குஞ்சு பொரிப்பகம் வந்து, அப்புறம் கரையோரமெங்கும் பண்ணைகள் பெருகியபோது, ஆழம் குறைந்த கடலில் தடி நட்டு வலை அடைத்தார்கள். படகு வாங்க வசதியில்லாத ஆணும் பெண்ணும் இறங்கித் தொழில் செய்கிற இடம் அது. இறாலும் குஞ்சு மீனும் வளர்கிற இடம். 2022 இல் கிளிநொச்சி மாவட்டத்துக் கரையோரக் கிராமமான கிராஞ்சியில் சனம் மாதக்கணக்கில் போராடியது இதற்காகத்தான். பண்ணைக்காரர்களில் பலர் எங்கள் ஆட்களே. இருந்தாலும் அட்டை போய்ச் சேருவது உங்களிடம் என்பதால், கோபமெல்லாம் 'சீனாக்காரன்' மேல் திரும்புகிறது.

இன்னொன்று. போர்க்காலத்தில் அரசுக்கு ஆயுதம் தந்தீர்கள். ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில், 2021 இலும் 2022 இலும் இலங்கை மீதான தீர்மானங்களை எதிர்த்து வாக்களித்தீர்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடுகிற தாய்க்குச் சீனா என்றதும் அந்த வாக்குகள்தான் நினைவுக்கு வரும். நீங்கள் தந்த அரிசியையும் டீசலையும் நன்றியோடு வாங்கியவர்களுக்கும் அது மறக்காது.

இந்தியாவின் பக்கம் நின்று பேசுகிறேன் என்று எண்ண வேண்டாம். தமிழ்நாட்டு இழுவைமடிப் படகுகள் எங்கள் வலைகளை அறுத்துக்கொண்டு போகும்போது வயிறு எரிகிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மின் திட்டத்தையே பாருங்கள். 2021 இல் சீன நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள், டெல்லி எதிர்த்தது, பிறகு அது இந்திய நிதியுதவிக்கு மாறியது. தீவுச் சனம் என்ன விரும்புகிறது என்று இந்த இழுபறியில் யார் பேசினார்கள்?

வடக்கில் உங்கள் நிறுவனங்கள் செய்யும் ஒப்பந்தங்களைத் தமிழில் முழுமையாக வெளியிடச் சொல்லுங்கள். 2021 இல் கொழும்பில், சட்டமா அதிபர் திணைக்களத்தில் திறந்துவைத்த பெயர்ப்பலகையொன்றில் சீன மொழி இருந்தது, தமிழ் இல்லை. கண்டனம் எழுந்த பிறகே அகற்றினார்கள். கடலில் ஒரு தடி நடுவதற்கு முன்னால் அந்தக் கரையின் கடற்றொழிலாளர் சங்கத்தைக் கேளுங்கள். அடுத்த முறை வரும்போது நல்லூரோடு நிற்காமல் கிராஞ்சிக்கும் வாருங்கள். பண்ணை வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் அங்கே இருப்பார்கள். இரு தரப்பையும் கேட்டுவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
கடலேரிக் கரைத் தொழிலாளி ஒருவன்