பூட்டிய பெட்டியும் கிணற்றடிக் குழந்தையும்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. தத்துவப் பாடம் தொடங்கிய சூட்டோடு, "மனிதன் சுயநலமி, மற்றதெல்லாம் வேஷம், ஹாப்ஸ் சொன்னதுதான் சரி" என்று எழுதியிருக்கிறாய்.

ஆங்கிலத் தத்துவஞானி ஹாப்ஸ் லேசுப்பட்டவர் அல்ல. இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் அடித்துக்கொண்டிருந்தபோது பாரிசில் இருந்தவர். 1651-இல் வெளியான நூலில் அவர் கேட்கிறார்: பயணத்துக்கு ஆயுதம் எடுத்துக்கொள்கிறாய், தூங்கும்போது கதவைத் தாழிடுகிறாய், வீட்டுக்குள்ளேயே பெட்டியைப் பூட்டுகிறாய், அப்படியானால் உன் பிள்ளைகளைப் பற்றி என்ன நினைக்கிறாய்? நம் வீட்டு பீரோ சாவி உன் அம்மாவின் இடுப்பை விட்டு இறங்கியதே இல்லை. எனக்கும் அந்தக் கேள்வி சுருக்கென்று தைக்கிறது. ஆனால் அதைத் தொடர்ந்து வருவதையும் படி. இதனால் மனித இயல்பை நான் குற்றம் சாட்டவில்லை என்று அவரே சொல்கிறார். ஊரில் ஒரு திருடன் இருந்தாலும் எல்லா வீடும் பூட்டத்தான் வேண்டும்.

இனி சீனத் தத்துவஞானி மென்சியஸுக்கு வா. கி.மு. 4-ஆம் நூற்றாண்டுச் சீனா, நாடுகள் ஒன்றையொன்று விழுங்கிய காலம். ஒரு குழந்தை கிணற்றில் விழப்போவதைத் திடீரென்று கண்டால் யாருக்கும் நெஞ்சு பதறும் என்றார் அவர். பெற்றோரின் தயவுக்காக அல்ல, ஊரார் மெச்சுவதற்காக அல்ல, அழுகுரல் பொறுக்காமலும் அல்ல. ஒன்றைக் கவனி: பதறியவன் ஓடிப்போய்த் தூக்கினான் என்று அவர் எழுதவில்லை. அந்தப் பதற்றம் மனித இயல்பில் உள்ள நன்மையின் வெறும் முளை, பேணினால்தான் வளரும்.

பின்னால் வந்த இன்னொரு சீனச் சிந்தனையாளர் சுன்சி இதை மறுத்தார். மனித இயல்பு கெட்டது, வளைந்த மரத்தை ஆவியில் வாட்டி நிமிர்த்துவதுபோல் கற்பித்துத்தான் நிமிர்த்த வேண்டும் என்றார். இருவருமே பயிற்சி கேட்கிறார்களே, வேறுபாடு எங்கே என்பாய். கெட்டுப்போனவன் எதிரே நிற்கும்போது தெரியும். மென்சியஸ் ஓர் உவமை சொல்கிறார்: பெருநகரை ஒட்டிய எருது மலையில் மரங்களைக் கோடரி வெட்டியது, துளிர்களை ஆடுமாடு மேய்ந்தது. மொட்டையாகப் பார்த்தவர்கள் அங்கே மரமே இருந்ததில்லை என்று எண்ணினார்கள். இதனாலேயே நான் அவர் பக்கம். அந்த மலையில் மரம் இருந்ததுபோல் கெட்டவனிடமும் நல்ல முளை இருந்தது என்று நினைப்பவன் எந்த மனிதனையும் எளிதில் கைகழுவ மாட்டான்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. நெஞ்சு பதறியும் கிணற்றடியில் நகராமல் நின்றவனைத் தடுத்தது எது? உன் பேராசிரியரிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
அப்பா