மலைப்பூண்டின் முத்திரை காரைக்குடிச் சந்தை வரை வரட்டும்

தமிழ்நாடு அரசின் வேளாண்மை – உழவர் நலத்துறைக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரியீர்,

வணக்கம். காரைக்குடியில் மசாலாப் பொடியும் ஊறுகாயும் செய்து விற்கும் சிறு தொழிலர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். 2019 ஆம் ஆண்டில் எங்கள் ஊர்க் கண்டாங்கிச் சேலைக்கும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் புவிசார் குறியீடு, அதாவது ஊர்ப்பெயரோடு சேர்ந்த பொருளைக் காக்கும் சட்டப் பதிவு, கிடைத்தது. சேலை நாங்கள் விற்கும் பொருள்; பூண்டு நாங்கள் வாங்கும் பொருள். குறியீட்டால் விற்பவருக்கு என்ன நன்மை என்பதைப் பலரும் பேசிவிட்டார்கள். வாங்குகிறவர் கைக்கு அந்த நன்மை இன்னும் வந்து சேரவில்லை என்பதே என் முறையீடு.

பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பூண்டுக் குழம்பு வைக்க இங்குள்ள பெரியவர்கள் மலைப்பூண்டையே தேடுவார்கள்; அதன் காரமும் மணமும் தனி, புகையூட்டி வைத்தால் பல மாதம் கெடாது. ஆனால் சந்தையில் சாக்கின் மேல் செருகியிருக்கும் ‘மலைப்பூண்டு’ என்ற அட்டையை நம்பி வாங்குவதைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை. கொடைக்கானல் மலையின் பூம்பாறையில் விளைந்ததா, இமாச்சலத்திலிருந்து லாரியில் வந்ததா என்று கேட்டால், “மலையில வெளஞ்சதுதான்” என்று பதில் வரும். இமாச்சலமும் மலைதான் என்பதால் அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது!

ஐரோப்பிய ஒன்றியம் 2012 ஆம் ஆண்டின் ஒழுங்குமுறையில் ‘மலைப் பொருள்’ என்ற பெயருக்கே வரம்பு கட்டியது; மூலப்பொருளும் கால்நடைத் தீவனமும் முதன்மையாக மலைப்பகுதியிலிருந்து வந்திருக்க வேண்டும், பதப்படுத்துவதும் அங்கேயே நடக்க வேண்டும். நம்மிடம் 1999 ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் இருக்கிறது. அதன்படி பொருளைப் பதிவு செய்வது முதல் படி. விளைவிக்கும் ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக, அதாவது அந்தக் குறியீட்டைத் தம் சரக்குக்குப் பயன்படுத்தும் உரிமை உள்ளவராக, தம்மைப் பதிந்துகொள்வது அடுத்த படி. முதல் படிக்கு விழா எடுக்கிறோம், இரண்டாவதற்கு எடுப்பதில்லை. பெயர் பதியாத உழவரின் பூண்டும் வெளியூர்ப் பூண்டும் சந்தையில் ஒரே சாக்குப் பூண்டுதான்.

ஆகவே, மன்னவனூர், பூம்பாறை போன்ற மலைக் கிராமங்களுக்கே அலுவலர்கள் சென்று தமிழிலேயே விண்ணப்பம் நிரப்பித் தந்து உழவர்களைப் பதிவு செய்யவும், அவ்வாறு பதிந்தவர்களின் பட்டியலை ஊர்வாரியாக வெளியிடவும், அவர்களின் சரக்கு சாக்கிலிருந்து கால் கிலோப் பொட்டலத்துக்கு மாறும்போதும் புவிசார் குறியீட்டு முத்திரை கூடவே வருமாறு விதி செய்யவும் வேண்டுகிறேன். சரக்கைச் சோதிப்பது விளைநிலத்தோடு நின்றால் பயனில்லை. ஏமாற்று நடப்பது பெரும்பாலும் கீழே, எங்களைப் போன்ற வாங்கும் ஊர்களில்தான். 2023 ஆம் ஆண்டில் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் இதே ஏற்பாடு தேவை. அது எங்கள் பக்கத்து மாவட்டத்துச் சரக்கு, எங்கள் சமையலுக்கு அன்றாடம் வேண்டியது.

முத்திரையோடு வரும் பூண்டுக்கு விலை சற்றுக் கூடும் என்பது தெரிந்தே கேட்கிறேன். பதிந்த உழவர்களின் பட்டியல் வெளிவந்தால், அவர்களிடமே நேரடியாகக் கொள்முதல் செய்ய அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
காரைக்குடி மசாலா உற்பத்தியாளர் ஒருவர்