பெயர் இல்லாவிட்டால் போலியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன கிழமை உங்கள் ஞாயிறு இதழில் பழைய யுத்தப் பதக்கங்கள் சேர்ப்பது பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதில் ஒரு வரி: "விளிம்பில் பெயர் பொறிக்கப்படாத பதக்கம் போலி என்று துணிந்து சொல்லலாம்." துணிவுதான். அன்று பின்னேரமே கனடாவில் இருந்து மருமகன் போன் எடுத்தார். "மாமா, அப்ப உங்கட ஐயாவின்ர ஸ்டார் பதக்கம் போலியோ?" என்று கேட்டார். பகிடியாகத்தான் கேட்டார். எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

ஐயா 1942இல் இராணுவக் கிளார்க்காகக் கப்பலேறி எகிப்துக்குப் போனவர். யுத்தம் முடிந்து சில வருடம் கழித்து, தபாலில், கைக்குள் அடங்கும் ஒரு மட்டைப்பெட்டியில் அவருக்கு ஆபிரிக்கா ஸ்டார் வந்தது, வட ஆபிரிக்க யுத்தத்தில் சேவை செய்தவர்களுக்குக் கொடுத்த நட்சத்திர வடிவப் பதக்கம். அதில் பெயர் இல்லை. இருக்கவும் முடியாது. உங்களுக்குத் தெரியாததையா நான் எழுதுகிறேன்? முதலாம் யுத்தத்துக்குக் கொடுத்த வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பில் இலக்கம், தரம், பெயர், படைப்பிரிவு எல்லாம் வெட்டியிருக்கும். 1939-45 யுத்தத்துக்குப் பிரித்தானியா கொடுத்த ஸ்டார்களில் பெயர் வெட்டவே இல்லை. இந்தியாவும் அவுஸ்திரேலியாவும் தென்னாபிரிக்காவும் தங்கள் ஆட்களுக்கு வெட்டிக் கொடுத்தன, அது வேறு கதை. உங்கள் கட்டுரையாளரின் கணக்குப்படி ஜெனரல் மொன்ட்கொமரி நெஞ்சில் குத்தியிருந்த ஆபிரிக்கா ஸ்டாரும் போலிதான். பாவம், அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இந்தப் "பெயர் எங்கே?" என்ற கேள்வி எனக்குப் புதிதல்ல. 1995 ஒக்டோபர் 30 இரவு யுத்தத்துக்குப் பயந்து ஊரோடு சேர்ந்து யாழ்ப்பாணத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது, காணி உறுதிகளோடு அந்த ஸ்டாரையும் ஒரு பால்மா டின்னுக்குள் போட்டுத்தான் கொண்டுபோனேன். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது ஒரு சோதனைச் சாவடியில் டின்னைத் திறந்தார்கள். ஒரு சிப்பாய் ஸ்டாரை எடுத்து, முன்பக்கத்துக் கிரீடத்தையும் அரசரின் முதலெழுத்துகளையும் பார்த்தார், வெறுமையான பின்பக்கத்தைப் பார்த்தார், அப்புறம் கேட்டார், பெயர் எங்கே என்று. கால் மணித்தியாலம் வெயிலில் நின்று விளங்கப்படுத்தினேன். கேட்டுவிட்டுத் திருப்பித் தந்தார். அவரிடம் இருந்தது துவக்கு, உங்கள் கட்டுரையாளரிடம் இருப்பது பேனா. துவக்கு வைத்திருந்தவர் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

சரி, படத்துக்கு வருவோம். "அசல் ஆபிரிக்கா ஸ்டார்" என்று கட்டுரையோடு ஒரு படம். ரிப்பனைப் பாருங்கள். பாலைவன மணலின் நிறம், நடுவில் அகலமான சிவப்பு, இரண்டு பக்கமும் ஒடுங்கிய கோடுகள். பார்ப்பவருக்கு இடப்பக்கம் கடும் நீலம், வலப்பக்கம் வெளிர் நீலம் வரவேண்டும். படத்தில் மாறிக் கிடக்கிறது. அச்சில் படம் புரண்டுவிட்டது என்று சொல்லித் தப்பவும் முடியாது, ஸ்டாரில் உள்ள ஆங்கில எழுத்து நேராகத்தான் இருக்கிறது. யாரோ புது ரிப்பன் வாங்கி ஏறுமாறாகக் கோத்திருக்கிறார்கள். அது அசல், எங்கள் வீட்டில் இருப்பது போலி!

ரிப்பனைச் சோதிக்க நீல வெளிச்ச டோர்ச் அடிக்கச் சொல்கிறார் கட்டுரையாளர், காசுத்தாள் பார்ப்பதற்கு வைத்திருப்பார்களே, அது. பளிச்சென்று வெள்ளையாக மின்னினால் பிந்திய காலத்து நூல். ஓரளவுக்குச் சரி. ஆனால் எங்கள் வீட்டு ரிப்பனில் அடித்தால் மின்னும். ஏனென்றால் எண்பதுகளில் ஒரு நாள் என் மனைவி, ஊத்தையாக இருக்கிறதே என்று, அதைச் சவுக்காரத்தூளில் ஊறவைத்துக் கசக்கி, வேட்டியோடு கொடியில் காயப்போட்டுவிட்டா. தூளில் உள்ள வெண்மையூட்டி இன்னும் அந்த நூலில் நிற்கிறது. நான் அன்று போட்ட சத்தம் இன்றைக்கும் வீட்டில் பேச்சு. வெளிச்சத்தை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக்கூடாது, அந்த ரிப்பன் எந்த வீட்டில் எப்படிக் கிடந்தது என்றும் கேட்கவேண்டும். அச்சு வார்த்துச் செய்த போலியை லென்ஸ் பிடித்தே கண்டுகொள்ளலாம். எழுத்தின் ஓரங்கள் மழுங்கி, சின்னச் சின்னக் குழிகள் தெரியும். வார்த்தது ஆறும்போது சுருங்குவதால் அசலை விட ஒரு மயிரிழை சிறிதாகவும் இருக்கும். இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அதற்குப் பதிலாக, பழப்புளியும் சாம்பலும் போட்டு மினுக்கினால் நல்ல விலை போகுமாம். குத்துவிளக்குக்குச் சரி. ஒருமுறை தேய்த்த பதக்கத்தில் ராஜாவின் மூக்குத் திரும்பி வளராது. ஏற்கனவே எங்கள் ஒழுங்கையில் ஒருவர், தகப்பனுடைய முதலாம் யுத்த வெள்ளிப் பதக்கத்தைப் பத்தரிடம் கொடுத்துப் பேத்திக்குக் கொலுசு செய்வித்தவர். அவருடைய கையில் உங்கள் பேப்பர் கிடைத்திருக்கும்.

நான் அடிக்கடி கடிதம் எழுதி உங்களைக் கரைச்சல்படுத்துபவன் அல்ல. முந்தி ஒருமுறை, பலாலி விமானத்தளம் சுதந்திரத்துக்குப் பிறகு கட்டப்பட்டது என்று எழுதினீர்கள். இரண்டாம் யுத்தத்தில் பிரித்தானிய விமானப்படை அமைத்தது என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். அந்த இடத்தில் முருங்கையிலைச் சூப்பு வைப்பது எப்படி என்று வந்தது. அதற்கு முதல் ஒரு கடிதத்தைப் போட்டீர்கள், என் பெயரில் இரண்டு எழுத்தை விட்டுவிட்டு. மரண அறிவித்தலில் ஒரு எழுத்துப் பிழைத்தால் அடுத்த நாளே காசு வாங்காமல் திருத்திப் போடுகிறீர்கள். திருத்தம் வேண்டுமென்றால் ஆள் செத்திருக்க வேண்டும் போல.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. நாலு வரித் திருத்தம், மரண அறிவித்தல் பக்கத்து மூலையில் என்றாலும் பரவாயில்லை. இரண்டாம் யுத்தப் பிரித்தானிய ஸ்டார்களில் பெயர் இருக்காது என்று மட்டும் போட்டால் போதும். வெட்டிக் கனடாவுக்கு அனுப்பவேண்டும். அந்த இதழில் ஒரு பிரதியை எனக்கு அலுவலகத்தில் எடுத்து வையுங்கள், நேரில் வந்து காசு தந்து வாங்குகிறேன். எங்களுக்குப் பேப்பர் போடும் பெடியன் மழைநாளில் கிணற்றடியில் எறிந்துவிட்டுப் போகிறான். அதைப் பற்றி வேறாக எழுதுவேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தபாலதிபர்,
கொக்குவில்.